கணையத்தில் வீக்கம்: புற்றா, அழற்சியா?

நம் வயதுக்காரர் ஒருவருக்கு வலியில்லாமல் மஞ்சள் காமாலை வந்து, ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதி தடித்திருக்கிறது என்று தெரிந்தால், வீட்டில் எல்லோரும் மனத்துக்குள் ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த அச்சம் நியாயமானதுதான், எப்போதும் அல்ல. இரண்டையும் பிரித்தறிய மருத்துவ உலகுக்கே நெடுங்காலம் பிடித்தது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பித்தநாளம் அதன் தலைப்பகுதியை ஒட்டித்தான் குடலுக்கு இறங்குகிறது. அங்கே புற்று வளர்ந்தாலும், அழற்சியால் வீங்கினாலும், நாளம் நெரிபட்டுக் கண் மஞ்சளாகும். 1890இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அறுவை மருத்துவர் கூர்வாசியே ஒரு விதி சொன்னார்: காமாலையோடு பித்தப்பையும் உப்பிக் கைக்குத் தட்டுப்பட்டால், காரணம் பித்தக்கல்லாக இருக்க வாய்ப்புக் குறைவு. கல்லைப் பிரித்துக் காட்டிய அந்த விதி, புற்றையும் அழற்சியையும் பிரித்துக் காட்டவில்லை.

1935இல் அமெரிக்காவில் ஆலன் விப்பிள், இப்பகுதிப் புற்றுக்கான பெரிய அறுவை முறையை வெளியிட்டார். இன்றும் அவர் பெயரால்தான் அது வழங்குகிறது. பின்னாளில் புற்று என்று நம்பி அகற்றிய சில கணையங்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, புற்றே இல்லை. அழற்சியும் தழும்பும்தான் இருந்தன.

புதுவைக்காரர்கள் கப்பலைவிட்டு இறங்கிய மர்சேய் துறைமுகம் எங்கள் தலைமுறைக்குப் பழகிய பெயர். அந்த ஊர் மருத்துவர் ஆன்ரி சார்லும் தோழர்களும் 1961இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கணையம் அழற்சியால் இறுகிப்போன சிலருக்கு இரத்தத்தில் காமா குளோபுலின் மிகுந்திருந்தது. இது தனியொரு நோயோ என்று அவர்கள் கேட்டார்கள்.

விடை ஜப்பானிலிருந்து வந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குகிறது என்ற கருத்தை 1995இல் யோஷிதா குழுவினர் முன்வைத்தார்கள். இந்நோயாளிகளிடம் ஐஜிஜி4 என்ற புரதம் உயர்ந்திருப்பதை 2001இல் ஹமானோ குழுவினர் காட்டினார்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் இந்த வீக்கம் வடிந்துவிடும். கத்தியே வேண்டாம்.

ஆனால் ஒரே சோதனையை நம்பிவிடக் கூடாது. ஐஜிஜி4 சில புற்றுநோயாளிகளிடமும் உயர்ந்திருக்கும். புற்றைக் காட்டும் என்று சொல்லப்படும் சிஏ 19-9, வெறும் காமாலையிலும் ஏறும். பயாப்ஸி ஊசியும் சில சமயம் புற்றைத் தவறவிடும். அதனால்தான் ஸ்கேன், இரத்தம், எண்டோஸ்கோப்பி வழியாக எடுக்கும் திசு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தேர்ந்தவர்கள் சிலருக்கு மட்டும் இரண்டு வாரம் ஸ்டீராய்டு கொடுத்து, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும் உண்டு. நாமாக அதை வாங்கி விழுங்கக் கூடாது. உண்மையில் புற்றாக இருந்தால், வீணாகும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம்.

ஆகவே அப்படியொரு ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்தால், உடைந்து உட்காராமல், நாளையும் கடத்தாமல், மருத்துவரிடம் கேளுங்கள்: "இது அழற்சியாக இருக்க வாய்ப்புண்டா? அதைப் பார்த்தாயிற்றா?"