காவலாளும் சாவிக்கொத்தும்

அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்ததும் அதில் ஏற்றப்படும் மென்பொருள்களில் இரண்டு எப்போதும் இருக்கும். ஒன்று ஆன்டிவைரஸ். மற்றொன்று, கோளாறு வந்தால் எங்கோ உட்கார்ந்திருக்கும் சர்வீஸ் ஆள் திரையைத் தன் பக்கம் இழுத்துச் சரிசெய்ய உதவும் ரிமோட் மென்பொருள். முன்னது அந்நியரை வெளியே நிறுத்துவதற்கு, பின்னது வெளியே இருப்பவரை உள்ளே விடுவதற்கு. காவலாளையும் சாவிக்கொத்தையும் போன்ற இந்த இரண்டும் வெவ்வேறு காரணங்களுக்காகப் பிறந்து, பல ஆண்டுகள் தனித்தனியாக விற்கப்பட்டவை. ஊழியரின் மேசையில் இருக்கும் கணினி, மடிக்கணினி, கைபேசி எல்லாவற்றையும் ‘எண்ட்பாயின்ட்’ என்ற ஒரே பெயரால் குறிக்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டும் ஒரே விலைப்பட்டியலில் சேர்ந்தன. எதை வாங்குவது என்று நிறுவனங்கள் முடிவு செய்த விதமும் கூடவே மாறிவந்தது.

காவல் பக்கத்தின் கதை லாகூரில் சூடுபிடிக்கிறது. அங்கே கணினிக் கடை நடத்திவந்த பாசித் ஃபரூக் அல்வி, அம்ஜத் ஃபரூக் அல்வி என்ற சகோதரர்கள் 1986இல் ‘பிரெய்ன்’ வைரஸை எழுதினார்கள். தாங்கள் செய்த மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களைப் பிடிக்கவே எழுதியதாகப் பின்னர் சொன்னார்கள். ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியின் முதல் பகுதியான பூட் செக்டாரில் அது குடியேறும். அங்கே முன்பு இருந்ததை வேறிடத்துக்கு மாற்றி, அந்த இடம் பழுதானது என்று குறித்துவைக்கும். வட்டின் பெயரையும் மாற்றிவிடும். உள்ளே சகோதரர்களின் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. தடுப்பு மருந்து வேண்டுமானால் தொடர்புகொள்ளலாம் என்ற குறிப்பும் இருந்தது. ஐபிஎம் பிசி உலகில் பரவிய முதல் வைரஸ், எழுதியவரின் விலாசத்தோடு வந்தது. அந்த நாகரிகம் அதற்குப் பிறகு வந்தவர்களிடம் இல்லை.

இதற்கு முன்பே, அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் கோஹன் 1984இல் வெளியிட்ட கட்டுரையில், எல்லா வைரஸையும் தவறில்லாமல் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுதவே முடியாது என்று தர்க்கரீதியாகக் காட்டியிருந்தார். இந்தத் தொழில் முழுக்க அந்த முடிவின் மேல்தான் நிற்கிறது. எந்த நிறுவனமும் தன் விளம்பரத்தில் அதைச் சொல்வதில்லை.

1987இல் கலிஃபோர்னியாவில் ஜான் மெக்காஃபி தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். தொலைபேசிக் கம்பி வழியே இயங்கிய புல்லட்டின் போர்டுகளில் மென்பொருளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நிறுவனங்கள் மட்டும் உரிமத்துக்குப் பணம் கட்டவேண்டும். வீட்டில் இலவசமாகப் பழகியவர்களே அலுவலகத்தில் அதை வாங்கச் சொன்னார்கள். அப்போதைய ஆன்டிவைரஸ் செய்த வேலை, போலீஸ் நிலையத்தில் கைரேகைப் புத்தகத்தைப் புரட்டுவதைப் போன்றது. பிடிபட்ட வைரஸிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துப் பட்டியலில் சேர்ப்பார்கள். கணினியிலுள்ள கோப்புகளில் அதே துண்டு இருக்கிறதா என்று தேடுவார்கள். பட்டியலின் புதிய பதிப்பு ஃபிளாப்பியில் தபாலில் வரும்.

எனவே வாங்குபவர் கேட்ட கேள்வியும் எளியது: எத்தனை வைரஸைப் பிடிக்கும்? அட்டைப் பெட்டியின் மேல் எண்ணிக்கையே பெரிய எழுத்தில் அச்சானது. 1992 மார்ச் 6 அன்று ‘மைக்கேலாஞ்சலோ’ வைரஸ் 50 லட்சம் கணினிகள் வரை அழிக்கக்கூடும் என்று பத்திரிகைகள் எழுத, விற்பனை எகிறியது. பாழானவை அதில் மிகச் சிறிய பங்கே. விற்பவர் வாக்கை மட்டும் நம்பி வாங்குவதன் ஆபத்து அப்போதே தெரிந்துவிட்டது. 1989இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘வைரஸ் புல்லட்டின்’ இதழ், 1998 முதல் விபி100 என்ற சான்று வழங்கியது. நடப்பில் உலவும் வைரஸ்கள் அத்தனையையும் பிடிக்கவேண்டும், நல்ல கோப்பு ஒன்றைக்கூட வைரஸ் என்று சொல்லிவிடக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இதில் இரண்டாவது பாதியை வாங்குபவர்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

இந்தியாவில் இந்தத் தொழில் பழுதுபார்க்கும் மேசையிலிருந்து எழுந்தது. புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடை நடத்திய கைலாஷ் கட்கர், கணினி பழுதுபார்ப்புக்கு மாறினார். வந்த கணினிகள் பலவற்றில் கோளாறு என்பதே வைரஸாக இருந்தது. தம்பி சஞ்சய் எழுதிய நிரல் 1995இல் ‘குவிக் ஹீல்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சென்னையில் ஜெ. கேசவர்தனன் 1990களின் தொடக்கத்தில் கே7 கம்ப்யூட்டிங்கைத் தொடங்கினார். ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் விற்ற ‘வைரஸ் செக்யூரிட்டி’யின் உள்ளே ஓடியது கே7இன் எஞ்சின். ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கிடையாது என்று 2006இல் அந்த நிறுவனம் அறிவித்தது ஜப்பானியச் சந்தையையே உலுக்கியது. பெட்டியில் சென்னையின் பெயரைத் தேடியவர் குறைவு.

சாவிக்கொத்தின் வரலாறு இதைவிட மூத்தது. தொலைவிலுள்ள கணினியில் உள்நுழைய உதவும் டெல்நெட் 1969இலேயே வந்துவிட்டது. அதில் கடவுச்சொல் மறைக்கப்படாமல், அஞ்சலட்டையில் எழுதியதுபோல வெளிப்படையாகப் போகும். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுச் சேர்த்தது தெரியவந்ததும், அங்கிருந்த டாட்டு ஈலோனன் எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் நிரலை எழுதினார். சர்வர்களைப் பராமரிப்பவர்கள் இன்றும் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள்.

சாதாரண அலுவலகத்துக்கு ரிமோட்டை அறிமுகப்படுத்தியது 1980களின் ‘பிசிஎனிவேர்’. மாலையில் கணினியை அணைக்காமல் மோடத்தோடு விட்டுச் செல்வார்கள். இரவில் வீட்டிலிருந்து அந்தத் தொலைபேசி எண்ணை அழைத்தால் திரை வரும். 1991இல் சைமன்டெக் அதை வாங்கிக்கொண்டது. 1998இல் விண்டோஸ் என்டி 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்பு, தொலைவிலுள்ள கணினியின் திரையை வலையமைப்பு வழியே காட்டும் ஆர்டிபி நெறிமுறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜின் ஒலிவெட்டி–ஆரக்கிள் ஆய்வகம் அதே வேலைக்கான விஎன்சியை இலவசமாக வெளியிட்டது.

அலுவலகங்கள் இணையத்தோடு இணைந்து ஃபயர்வால் வைத்ததும் இவை தடுமாறின. வெளியிலிருந்து வரும் அழைப்பை ஃபயர்வால் ஏற்காது. கதவைத் திறந்துவைக்க நிர்வாகியின் கையைப் பிடிக்கவேண்டும். ஜெர்மனியின் கோப்பிங்கனில் 2005இல் பிறந்த டீம்வியூவர் இதைச் சுற்றிக்கொண்டு போனது. இரு பக்கக் கணினிகளும் வெளியே அழைத்து, நடுவிலுள்ள நிறுவனத்தின் சர்வரில் சந்தித்துக்கொள்ளும். வெளியே போகும் அழைப்பைப் பெரும்பாலான ஃபயர்வால்கள் சந்தேகிப்பதில்லை. 2014இல் ஸ்டட்கார்ட்டில் தொடங்கிய எனிடெஸ்க்கும் இந்த வழியைப் பின்பற்றியது. “சார், எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க” என்று ஆரம்பிக்கும் தொலைபேசிப் பேச்சு அப்படித்தான் நம் அலுவலகங்களின் அன்றாடமானது. நம்பரைச் சொல்லி, ‘அக்செப்ட்’ பொத்தானை அழுத்தினால் போதும். இதே பேச்சைப் பேசி வங்கிக் கணக்கைக் காலி செய்பவர்கள் பெருகியதால், 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் செயலியின் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது.

பழுதுபார்ப்பவரின் கருவிக்கும் திருடனின் கருவிக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி 1998 ஆகஸ்டிலேயே எழுந்துவிட்டது. ‘கல்ட் ஆஃப் த டெட் கௌ’ என்ற ஹேக்கர் குழு, லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் ‘பேக் ஓரிஃபிஸ்’ என்ற நிரலை வெளியிட்டது. விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து முழுமையாக இயக்க அது உதவியது. ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் அதை வைரஸ் பட்டியலில் சேர்த்தன. விற்பனையில் இருந்த ரிமோட் மென்பொருள்களும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்தன. ஒன்று கேட்டு நுழையும், மற்றது கேளாமல் நுழையும். நிரலைப் பார்த்து அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட முடியாது; யார், எப்போது, எதற்காக இயக்குகிறார் என்று பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு கிளைகளும் ஒன்றுசேர 2003 ஒரு திருப்பமாக அமைந்தது. அந்த ஆண்டின் ‘ஸ்லாமர்’, ‘பிளாஸ்டர்’ புழுக்கள் யாரும் எதையும் திறக்காமலேயே வலையமைப்பு வழியாகப் பரவின. இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட்டின் திருத்தம் முன்பே வந்திருந்தது, போட ஆளில்லை. நூறு கணினி உள்ள அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய்த் திருத்தம் போடுவது நடக்கிற காரியமில்லை. ஒரே திரையிலிருந்து எல்லாக் கணினிக்கும் திருத்தம் அனுப்பவும், மென்பொருள் ஏற்றவும், தேவைப்பட்டால் ரிமோட்டில் நுழையவும் வழி தேடினார்கள். 2009இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட அட்வென்ட்நெட் நிறுவனம், சென்னையிலிருந்து உருவாக்கிய ‘டெஸ்க்டாப் சென்ட்ரல்’ இந்த வகையைச் சேர்ந்தது. பின்னாளில் அதன் பெயர் ‘எண்ட்பாயின்ட் சென்ட்ரல்’ ஆனதே மாற்றத்தைச் சொல்லிவிடும்.

கைரேகைப் புத்தகமும் இதற்குள் காலாவதியாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் உருமாறும் வைரஸுக்குக் கைரேகை ஏது? கோப்பைப் பார்ப்பதை விட்டு அதன் நடத்தையைக் கவனிக்கும் கருவிகள் வந்தன. வேர்ட் கோப்பு ஒன்று திடீரென்று கட்டளைச் சாளரத்தைத் திறந்தால், அதைப் பதிவு செய்து, மைய அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பி, அந்தக் கணினியை வலையமைப்பிலிருந்து பிரித்துவைக்கும். ஆய்வு நிறுவனமான கார்ட்னரின் ஆன்டன் சுவாகின் 2013இல் இந்த வகைக்கு வைத்த பெயர் சுருங்கி, இன்று எல்லா விலைப்பட்டியலிலும் ‘இடிஆர்’ என்று நிற்கிறது.

அதன் தேவையை 2017 காட்டியது. மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ‘வான்னாக்ரை’ என்ற பணயத் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. ஜூன் 27 அன்று உக்ரைனின் கணக்குவழக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாக வந்த ‘நாட்பெட்யா’ இன்னும் மோசம். ஒரு கணினியில் நுழைந்ததும் நினைவகத்திலிருந்த கடவுச்சொற்களைத் திருடி, நிர்வாகிகள் ரிமோட் வேலைக்குப் பயன்படுத்தும் பிஎஸ்எக்ஸெக் கருவியையே எடுத்துக்கொண்டு அடுத்த கணினிக்குத் தாவியது. டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் 10 நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக அமைக்கவேண்டி வந்தது. பயனர் விவரங்கள் கொண்ட மைய சர்வரின் நகல்கள் எல்லாம் அழிந்தபோது ஒன்று மட்டும் கானா அலுவலகத்தில் தப்பியிருந்தது. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை.

2020 மார்ச் ஊரடங்கில் ரிமோட் என்பது சர்வீஸ் ஆளின் கருவி என்ற நிலை மாறி, எல்லா ஊழியரின் அலுவலக வாசலும் ஆனது. இந்தியாவில் பிபிஓ ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்ய அதுவரை தொலைத்தொடர்புத் துறையின் நிபந்தனைகள் குறுக்கே நின்றன. நிறுவனம் வைப்புத்தொகை கட்டவேண்டும், அங்கீகரித்த விபிஎன் வழியாகவே இணையவேண்டும். மார்ச் 13 அன்று துறை இவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. நவம்பரில் பதிவு முறையையே நீக்கிவிட்டது. அவசரத்தில் பல நிறுவனங்கள் ஆர்டிபி வாசலை நேராக இணையத்துக்குத் திறந்துவைத்தன; பணயத் தீநிரல் கும்பல்களுக்கு அது கொண்டாட்டமாயிற்று. அடுத்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுத்தப்பட்டதற்குக் காரணம், யாரும் பயன்படுத்தாமல் மூடவும் மறந்துபோன ஒரு விபிஎன் கணக்கு வழியாக அப்படியொரு கும்பல் நுழைந்ததே. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அந்தக் கணக்கில் இல்லை.

2021 ஜூலை 2 அன்று நடந்தது இந்த வரலாற்றின் மிக உறுத்தலான பக்கம். சிறு நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிக்கும் சர்வீஸ் கம்பெனிகள் பயன்படுத்திவந்த கசேயா நிறுவனத்தின் விஎஸ்ஏ மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்த ‘ரெவில்’ கும்பல், அதன் அப்டேட் போலவே தீநிரலை அனுப்பியது. விஎஸ்ஏ தடையின்றி ஓடவேண்டும் என்பதற்காக அதன் கோப்புறைகளை ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விலக்கிவைக்கும்படி முன்பே சொல்லப்பட்டிருந்தது. தீநிரல் அந்தக் கோப்புறைக்குள்தான் வந்து இறங்கியது. வந்ததும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் பழைய நிரலொன்றை இயக்கி, அதன் முதுகில் ஏறி வேலையை முடித்தது. கசேயாவின் 60க்கும் குறைவான வாடிக்கையாளர்கள் வழியாக 1,500 வரையிலான நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. கல்லாப்பெட்டி இயங்காததால் சுவீடனின் கூப் மளிகைக் கடைகளில் சுமார் 800 மூடப்பட்டன.

இதற்குப் பிறகு வாங்குபவர் கேட்கும் கேள்விகள் வேறாயின. ரிமோட் எடுக்க யாருக்கு அனுமதி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயமா, வந்துபோனவரின் பதிவு எத்தனை நாள் இருக்கும்? இந்தியாவில் கடைசிக் கேள்விக்கு 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பதில் கொடுத்தது: பதிவுகள் 180 நாட்கள் இருக்கவேண்டும், தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். எந்த நாட்டு மென்பொருள் என்பதும் கேள்வியானது. ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கியை 2017இல் தன் அரசு அலுவலகங்களிலிருந்து நீக்கிய அமெரிக்கா, 2024இல் நாடு முழுவதும் விற்பனைக்கே தடை விதித்தது.

காவலாளே வாசலை அடைத்துக்கொண்டு விழுந்தால் என்ன செய்வது என்பதுதான் தாமதமாக வந்த கேள்வி. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் அன்றாடப் பட்டியல் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பான எஸ்விசிஹோஸ்ட்டை வைரஸ் என்று பிடித்துக்கொள்ள, உலகெங்கும் கணினிகள் திரும்பத் திரும்ப ரீபூட் ஆயின. அப்போது அங்கே தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கர்ட்ஸ், அடுத்த ஆண்டு கிரௌட்ஸ்டிரைக் நிறுவனத்தை இணைந்து நிறுவினார். 2024 ஜூலை 19 அன்று அந்த நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனால் விழுந்தவை எழவில்லை. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விண்டோஸ் எழுந்தால்தானே ரிமோட் வேலை செய்யும்? பெரும்பாலான கணினிகளின் முன்னால் ஆள் நேரில் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் எழுப்பி, ஒரு கோப்பை அழிக்கவேண்டியிருந்தது. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு முன் 48 இலக்க மீட்பு எண்ணையும் தட்டச்சு செய்யவேண்டும். தன் மென்பொருள் ஏற்றப்பட்ட விண்டோஸ் கணினிகளில் சுமார் 99 சதவீதம் மீண்டும் இணைப்பில் இருப்பதாக நிறுவனம் அறிவித்தபோது ஜூலை 29 ஆகியிருந்தது.