வழுக்காத வார்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்தினான் கோயிலின் சிற்பப் பட்டையில் ஒரு பகுதி இருக்கிறது. கி.மு. 440 வாக்கில் ஏதென்ஸில் செதுக்கியது. குதிரை வீரர்கள் வரிசையாகப் போகிறார்கள். அவர்களின் கைகளைப் பாருங்கள். விரல்கள் எதையோ பிடித்தபடி மடங்கியிருக்கின்றன, பிடிக்க ஒன்றுமில்லை. கடிவாளத்தையும், அதிலிருந்து கைக்கு வரும் வார்களையும் வெண்கலத்தில் தனியாகச் செய்து பொருத்தியிருந்தார்கள். அவை எப்போதோ போய்விட்டன. கல்லில் துளைகள் மட்டும் மிச்சம்.

நிஜக் குதிரைகளின் வாருக்கும் இதே கதிதான். தோல் மக்கிவிடும், உலோகம் நிற்கும். சைபீரியாவின் அல்தாய் மலையில், பசிரிக் என்ற இடத்தில், பனியில் உறைந்த புதைமேடுகளை 1929-லும் 1940-களின் இறுதியிலும் தோண்டியபோது, இரண்டாயிரம் வருஷத்துக்கும் பழைய தோல் கடிவாளங்கள் குதிரைகளோடு கிடைத்தன. அது பனியின் தயவு. மற்ற இடங்களில் பெரும்பாலும் கிடைப்பது குதிரையின் வாய்க்குள் இருந்த இரும்போ வெண்கலமோதான். வாய்ப்பக்கம் மிஞ்சியது, கைப்பக்கம் காணாமல் போனது.

நம் மொழியிலும் இது நடந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் தேரோட்டும் வலவன் கையிலிருக்கும் தோல்வாருக்கு வள்பு என்று தனிப்பெயர் உண்டு. இன்று வாய் இரும்பு, வார் இரண்டையும் சேர்த்துக் கடிவாளம் என்று சொல்லிவிடுகிறோம். ‘அவனுக்கு ஒரு கடிவாளம் போடணும்’ என்கிறபோது, அதைப் பிடிக்கிற கை யாருடையது என்ற நினைப்பே வருவதில்லை.

அந்தக் கையைப் பற்றி யோசித்தவர் செனபோன். சாக்ரடீஸின் மாணவர். கி.மு. 401-ல் பாரசீகத்துக்குள் மாட்டிக்கொண்ட பத்தாயிரம் கிரேக்கக் கூலிப்படையினரை வெளியே கொண்டுவந்த தலைவர்களில் ஒருவர். குதிரையேற்றம் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் வாரைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. இரண்டு வாரும் சமமாக இருக்கணும். பலவீனமாக இருக்கக்கூடாது, வழுக்கக்கூடாது, தடிமனாகவும் இருக்கக்கூடாது. இன்று வார் வாங்கப் போகிறவரும் இதையேதான் பார்க்கிறார். பந்தயக் குதிரைக்குப் புள்ளி புள்ளியான ரப்பர் உறை போட்ட வார். மற்றவர்களுக்குப் பின்னல் வார், அல்லது துணிப்பட்டையில் இடையிடையே தோல் துண்டு தைத்த வார். எல்லாம் வியர்வையிலும் மழையிலும் நழுவாமல் இருக்கத்தான்.

நழுவினால் என்ன? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கை இறுகும். வாரை முஷ்டியில் சுற்றிக்கொள்ளத் தோன்றும். இறுகிய கையின் ஒவ்வொரு குலுக்கலும் நேரே குதிரையின் வாய்க்குப் போகும். தடித்த வாரென்றால் விரல் முழுசா மூடாது. அப்போதும் அழுத்தித்தான் பிடிக்கணும். நல்ல பிடிமானம் இருந்தால்தான் இழுக்காமல் இருக்க முடியும்.

நூலின் குரலும் அப்படித்தான். கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்கிறார். கட்டாயத்தில் செய்யவைப்பதில் அழகு இருக்காது, ஆடுகிறவரைச் சவுக்கால் அடித்து ஆடவைக்கிற மாதிரி என்கிறார். 24 நூற்றாண்டுக்கு முந்தைய ஆள் இப்படி எழுதியிருக்கிறாரே என்று இங்கேயே மகிழ்ந்து நிறுத்திவிடலாம்.

ஆனால் வார் பற்றிய குறிப்பு ஒரு காரணத்தோடு முடிகிறது. தேவைப்படும்போது அதே கை ஈட்டியையும் பிடிக்கணும். அவ்வளவுதான். அங்கவடி ஐரோப்பாவுக்கு வர இன்னும் சுமார் ஆயிரம் வருஷம் இருந்தது. மரச்சட்டம் வைத்த சேணமும் கிடையாது, துணி விரிப்புதான். தொடையின் பிடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு, லேசான அசைவுக்கே குதிரை திரும்பணும். இல்லையென்றால் ஆள் செத்தான். அப்படிப் பழக்குவதற்கு முள் உருளைகள் வைத்த கரடான வாய் இரும்பையும் செனபோன் பரிந்துரைக்கிறார். அதில் பழகிய குதிரை பிறகு மழமழப்பான இரும்பிலும் அப்படியே நடக்குமாம். அவருடைய மென்மைக்கு முன்னால் ஒரு வலி இருக்கிறது, பின்னால் ஒரு ஈட்டி.

அதற்காக அந்த மென்மையைப் பொய் என்று தள்ளவும் முடியாது. வழுக்காத வார் குதிரையின் வாயை உண்மையிலேயே காப்பாற்றியது. எதிரில் நின்றவனைக் குத்தவும் அதே வார்தான் உதவியது. செனபோன் இரண்டையும் மறைக்காமல் எழுதிவைத்தார். அவரைக் குதிரைகளின் நண்பர் என்று மட்டும் படித்தால் பாதியை விட்டுவிடுவோம். கைக்கு இதமான எதைப் பாராட்டும்போதும், அதே கையில் வேறென்ன இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளணும்.