ஹாரி பெக்கும் லண்டன் பாதாள ரயில் வரைபடமும்

1931ல் லண்டனில் ஹாரி பெக் என்பவருக்கு வேலை போயிருந்தது. பாதாள ரயில் நிறுவனத்தின் சிக்னல் பிரிவில் தற்காலிக டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் நேரம் நிறைய இருந்ததால் பள்ளிக்கூட நோட்டுத் தாளில் பென்சிலால் சில கோடுகள் போட்டுப் பார்த்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. இன்று உலகத்தில் எந்த ஊர் மெட்ரோ வரைபடத்தைப் பார்த்தாலும் அந்தக் கோடுகளின் சாயல் தெரியும்!

அதற்கு முன்பு லண்டன் ரயில் வரைபடங்கள் எப்படி இருந்தன? நிலத்தில் பாதை எப்படி வளைகிறதோ அப்படியே காகிதத்திலும் வளைந்தது. இதில் ஒரு பெரிய சிக்கல். நகரத்தின் நடுவில் நிலையங்கள் நெருக்கமாக இருக்கும், புறநகரில் ஒன்றுக்கொன்று வெகு தூரம். எல்லாவற்றையும் ஒரே அளவில் வரைந்தால் நடுப்பகுதியில் எழுத்து வைக்க இடம் இருக்காது. நடுப்பகுதியைத் தெளிவாக வரைந்தால் புறநகர் காகிதத்தை விட்டு வெளியே போய்விடும். வரைந்தவர்கள் திறமையில்லாதவர்கள் அல்ல. 1920களில் ஸ்டிங்மோர் என்பவர் வரைந்த சட்டைப்பை வரைபடம் பார்க்க அழகாகவே இருக்கும். தெருக்களைக்கூட அதில் எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனாலும் அது நிலப்படமாகவே இருந்தது. நிலப்படம் என்றால் தூரம் சரியாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தை முழுசாக விட மனம் வரவில்லை.

பெக் கேள்வியையே மாற்றிவிட்டார். பூமிக்கு அடியில் போகிறவருக்கு மேலே என்ன தெரு இருக்கிறது என்பது எதற்கு? எந்த வண்டியில் ஏறவேண்டும், எத்தனாவது நிலையம், எங்கே மாறவேண்டும், இவ்வளவுதானே தெரியவேண்டும்! அப்படியானால் தூரத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். எல்லாக் கோடுகளையும் படுக்கை, செங்குத்து, 45 டிகிரி சாய்வு என்று மட்டும் வரைந்தார். நிலையங்களை ஏறக்குறைய சம இடைவெளியில் வைத்தார். நடுப்பகுதியை லென்ஸ் வைத்துப் பார்த்த மாதிரி பெரிதாக்கினார், புறநகரைச் சுருக்கினார். நிலத்தின் மேல் இருப்பவற்றில் தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார். லண்டன்காரர்களுக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்தால் போதும். அந்த நதியும்கூட ஸ்கேல் வைத்து வளைத்த மாதிரிதான் இருக்கும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? அவர் தொழிலைப் பார்த்தால் ஓரளவு புரியும். மின்சார சர்க்யூட் படத்தில் ஒயரின் உண்மையான நீளத்தை யாரும் வரைவதில்லை. எது எதோடு சேர்கிறது என்பதுதான் அங்கே முக்கியம். பெக்குக்கும் இந்த ஒற்றுமை நன்றாகவே தெரியும். 1933ல் ஊழியர்கள் பத்திரிகைக்காகத் தன் வரைபடத்தையே சர்க்யூட் மாதிரி கிண்டலாக வரைந்து கொடுத்திருக்கிறார். அதற்காக, ஒன்றுமில்லாததிலிருந்து அவர் இதைப் படைத்தார் என்று சொல்லமுடியாது. ரயில் பெட்டிகளுக்குள் ஒரு பாதையை மட்டும் நேர்கோடாகக் காட்டும் படங்கள் ஏற்கனவே உண்டு. 1929லேயே ஜார்ஜ் டவ் இன்னொரு ரயில் நிறுவனத்துக்கு இதே மாதிரி நேர்கோட்டுப் படங்கள் வரைந்திருந்தார். ஒரு பாதைக்குச் செய்ததை முழு நகரத்துக்கும் செய்யத் துணிந்தது பெக்.

விளம்பரப் பிரிவு முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டது. தூரமே காட்டாத வரைபடம் ரொம்பப் புரட்சியாகத் தெரிந்ததாம். 1932ல் மறுபடியும் கொண்டுபோனார். அரைமனதோடு சில நிலையங்களில் சோதனைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மக்களுக்குப் பிடித்துவிட்டது. 1933 ஜனவரியில் 7 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சடித்தும் சீக்கிரமே மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து காவென்ட் கார்டனுக்கு சுமார் 260 மீட்டர்தான். வரைபடத்தில் அது தெரியாது. நடந்தே போகக்கூடிய இடத்துக்கு டிக்கெட் எடுத்துப் போகும் வெளியூர்க்காரர்கள் இன்றும் உண்டு! நியூயார்க்கில் 1972ல் மாசிமோ விக்னெல்லி இதே வழியில் வரைந்தபோது பயணிகள் கோபப்பட்டார்கள். நீளமான சென்ட்ரல் பார்க் அதில் கிட்டத்தட்ட சதுரமாக, அதுவும் சாம்பல் நிறத்தில் இருந்தது. தெரு எண்களை வைத்தே ஊரைப் புரிந்துகொள்கிறவர்களுக்கு அது பொய்யாகத் தெரிந்தது. 1979ல் நிலப்படத்துக்கே திரும்பினார்கள். (வேடிக்கை என்னவென்றால், 2025ல் விக்னெல்லி பாணி மறுபடி வந்துவிட்டது.)

பெக்கின் கதை இதைவிடச் சோகமானது. வரைபடத்துக்குக் கிடைத்த பணம் மிகக் கொஞ்சம். ஆனால் அதில் எந்த மாற்றமானாலும் தன் கையால்தான் நடக்கும் என்று நம்பியிருந்தார். புதுப்பாதை வர வர, கிட்டத்தட்ட முப்பது வருடம் திருத்தித் திருத்தி வரைந்தார். 1960ல் வெளியான வரைபடத்தில் விளம்பர அதிகாரி ஹட்சிசனின் பெயர் இருந்தது. பெக்குக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. கோடுகள் முனை முனையாக உடைந்திருந்த அந்தப் படம் யாருக்கும் பிடிக்கவில்லை. 1964ல் பால் கார்பட் வரைந்த படம் அதற்குப் பதிலாக வந்தது. அது பெக்கின் பாணிக்கே திரும்பியிருந்தது, ஆனாலும் வேலை பெக்கிடம் திரும்பவில்லை. வரைபடத்தைத் திரும்பப் பெற வருடக்கணக்கில் போராடிவிட்டு அவரும் ஓய்ந்துபோனார்.

1974ல் பெக் இறந்தார். மூலவடிவம் 1931ல் ஹாரி பெக் உருவாக்கியது என்ற ஒரு வரி லண்டன் வரைபடத்தின் ஓரத்தில் அச்சாகத் தொடங்கியது 1990களில்தான்.