புளிக்குத் தெரியாத கோடு

நந்தனம் வீட்டில் வெள்ளிக்கிழமைன்னா பாட்டி பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார். கறுத்துப் படிவது பெரும்பாலும் செம்பின் ஆக்சைடு. அது கார வகை. புளியின் டார்டாரிக் அமிலம் பட்டதும் உப்பாகவும் நீராகவும் மாறி, கழுவினால் போய்விடும். ஊறுகாயை மட்டும் பீங்கான் ஜாடியில்தான் போடுவார். ஜாடியின் மெருகில் இருப்பது சிலிக்கா. அதுவே அமில வகை ஆக்சைடு, எலுமிச்சை அதை ஒன்றும் செய்யாது.

விளக்குக்கு இது சரி. மண்ணுக்குள் பல நூறு வருஷம் கிடந்த சோழர் படிமத்துக்கு? அங்கே உலோகத்தின் மேற்பகுதியே சிவப்பு ஆக்சைடாகி, அதன்மேல் பச்சைக் கார்பனேட் ஏறியிருக்கும். சிற்பி கீறிய ஆபரணக் கோடு சில இடங்களில் அந்த ஆக்சைடில்தான் மிச்சமிருக்கும். அமிலம் ஊற்றினால் அதுவும் கரைஞ்சு போயிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இன்னும் மோசம்: தங்கிவிடும் குளோரைடு, நம்ம ஊர் ஈரக்காற்றில் பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தை அரிக்கும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் உலோகப் படிமங்களுக்கு கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் எழுதிய பட்டியல் 1932-ல் வந்தது. அதே 1930-களில் அங்கே வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன் மின்னாற்பகுப்பைக் கையில் எடுத்தார். படிமத்தை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் எதிர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்துவது அந்த முறை. ஆக்சிஜன் பிரியும், குளோரைடு வெளியேறும். துணிச்சலான வேலைதான். ஆனால் இன்றைய பாதுகாப்பாளர்கள் இதற்கும் தயங்குகிறார்கள், பச்சைப் படலம் மொத்தமாக உரிந்துவிடலாம் என்று.

கோயில் உற்சவர்களுக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. திருவிழாவுக்குத் திருவிழா புளி போட்டுத் துலக்கித் துலக்கி, சில முகங்களில் இப்போது மூக்கும் கண்ணும் மழுங்கிப்போயிருக்கின்றன.