கற்பித்துக் கற்றல்

ஒரு வகுப்பில் அமர்ந்த மாணாக்கர் யாவரும் ஒரே திறத்தினர் அல்லர். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்னும் எட்டினோடு உவமித்துத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தினார். அவ்வளவில் நில்லாது, கல்வி நிரம்பும் வழியையும் கணக்கிட்டுக் காட்டினார். ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கேட்டவன் பெறுவது கால் பங்கு. உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது மற்றொரு கால். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்பது அவர் கருத்து.

இஃது ஏட்டளவில் நின்ற கொள்கையன்று. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நாள்தோறும் நடந்ததேயாம். புதிதாய்ச் சேர்ந்த சிறுவன் மணலில் விரலால் எழுதுவான். எழுதும்போதே அவ்வெழுத்தை வாய்விட்டு ஒலிப்பான். கையும் கண்ணும் செவியும் நாவும் ஒருங்கே தொழிற்பட்டமையின் எழுத்து மனத்தில் ஊன்றியது. சட்டாம்பிள்ளையாகிய மூத்த மாணாக்கன் இளையோர்க்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான். அரிச்சுவடி, ஆத்திசூடி, எண்சுவடி என அவரவர் நிலைக்கேற்பப் பாடம் வேறுபடும். முந்தினவன் காத்திருக்க வேண்டுவதில்லை. பிந்தினவன் கைவிடப்படுவதும் இல்லை.

இம்முறை கடல் கடந்த வரலாறு வியப்புக்குரியது. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட ஆண் அநாதையர் விடுதியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அயலிலிருந்த நாட்டுப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதக் கண்டு, அதனைத் தம் விடுதியிலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர் இணங்கவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனையே இளையோர்க்கு ஆசிரியனாக்கினார்; முயற்சி கைகூடிற்று. தாய்நாடு திரும்பியபின் 1797-இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அஃது இங்கிலாந்தெங்கும் பரவியது. கவர்னர் மன்றோ 1822-இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றி விசாரித்தபோது, பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-இல் விடுத்த மறுமொழியில், மூத்தோர் இளையோர்க்குக் கற்பித்துத் தம் அறிவையும் உறுதிசெய்யும் இவ்வழக்கத்தைப் பெரிதும் பாராட்டினார்.

ஆயினும் பழையன யாவும் நல்லன என்று கூறுதல் வரலாறாகாது. பொருளுணராத வெறும் மனப்பாடமும், கோதண்டம் போன்ற கொடுந்தண்டனையும் திண்ணைப் பள்ளியின் குறைகள். அவற்றினும் பெருங்குறை ஒன்றுண்டு. பெண்மக்களுள் மிகச் சிலரே அங்குக் கற்றனர். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கு அத்திண்ணை பெரும்பாலும் எட்டாதிருந்தது. இங்கிலாந்திலும், செலவு சுருங்கும் என்று கருதி ஓர் ஆசிரியரிடம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை விட்டமையால் முறையின் உயிர் போய் உடலே எஞ்சிற்று.

பின்னர் ஆண்டு வகுப்பும் தேர்வும் பெருகவே, அனைவர்க்கும் ஒரே நாளில் ஒரே பாடம் என்பது வழக்கமாயிற்று. நம் காலத்தில் பழைய உண்மை மீண்டும் தலையெடுத்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அட்டைகளின் துணைகொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் தன் நடையிலேயே முன்னேறச் செய்தது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்திற்று. எருமை, பன்னாடை என்ற பழம்பெயர்களினும் இப்பெயர்கள் இனியன; அரும்பு மலராதல் இயல்பன்றோ! கொள்ளைநோய்க் காலத்துக் கல்வி இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றதும் நம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்திலேயாம். தன்னார்வலர் மாலைதோறும் தம் தெருப்பிள்ளைகளுக்குக் கற்பித்த அவ்வேற்பாடு, திண்ணையின் மறுபிறப்பெனத் தகும்.

சங்கத்து அன்பர்களே! வகுப்பிற் பின்தங்கிய பிள்ளையை 'மக்கு' என இகழ்ந்து ஒதுக்கினால், அப்பிள்ளை பள்ளியை விட்டே நீங்கும். ஒரு குடும்பத்தின் எதிர்காலமும் உடன் நீங்கும். கண்டமங்கலத்திலும் சுற்றூர்களிலும் உயர்வகுப்பிற் பயிலும் நம் பிள்ளைகள், மாலையில் ஒரு நாழிகையேனும் இளையோரை அருகிருத்திக் கற்பிப்பாராக. அங்கு ஆண் பெண் வேற்றுமையோ, நம் குலத்தார் பிற குலத்தார் என்னும் வேற்றுமையோ புகுதல் ஆகாது. முன்னோர் திண்ணையில் நேர்ந்த பிழையை நாம் மீண்டும் செய்யற்க. கற்கும் பிள்ளைக்கு எழுத்து நிலைபெறும். கற்பிக்கும் பிள்ளைக்கோ எஞ்சிய அரைப்பங்கு கல்வியும் நிரம்பும். இருவர்க்கும் ஊதியமாகும் இவ்வறத்தை இன்றே தொடங்குவோமாக.