திருமதி எக்ஸ் ஏன் இறந்தார்?

மருத்துவம் படித்து முடித்து வேலையில் இருப்பவர்களுக்கு மறுபடி பாடம் நடத்துவதற்காக உலகெங்கும் சொல்லப்பட்ட கதைகளில் ஒன்று திருமதி எக்ஸின் கதை. 1980களின் பிற்பகுதியில் எகிப்திய மகப்பேறு மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா எழுதியது. உலக சுகாதார நிறுவனம் பின்னர் அதைப் பயிற்சிப் படமாகவும் ஆக்கியது. பிரசவத்துக்கு வந்த திருமதி எக்ஸ் மருத்துவமனையில் இறந்துபோகிறார். ஏன் இறந்தார் என்று ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

பார்த்த மருத்துவர் சான்றிதழில் எழுதுகிறார்: நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்ததால் ஏற்பட்ட இரத்தப்போக்கு. மூத்த நிபுணர் திருத்துகிறார்: இந்த இரத்தப்போக்கு மட்டும் அவளைக் கொன்றிருக்காது, ஏற்கெனவே கடுமையான இரத்தச்சோகை இருந்தது, குடற்புழுவும் போதாத சாப்பாடும் காரணம். ஏற்றப்பட்டது 500 மில்லி இரத்தம் மட்டுமே; சிசேரியன் செய்தவர் இன்னும் பயிற்சியில் இருந்த மருத்துவர். நிர்வாகியின் கணக்கு வேறு: இரத்தம் கொட்ட ஆரம்பித்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தாள், அதற்கு முந்தைய மாதத்திலேயே சில முறை இரத்தம் பட்டும் யாரிடமும் காட்டவில்லை. கடைசியாகச் சமூகவியலாளர்: வயது 39, இதற்குமுன் ஏழு கர்ப்பம், உயிரோடு இருப்பவை ஐந்து. கருத்தடை எதுவும் பயன்படுத்தியதில்லை. இந்தக் கர்ப்பத்தை அவள் விரும்பவில்லை. ஏழை, எழுதப் படிக்கத் தெரியாதவள், கிராமத்துக்காரி.

இந்தக் கதை எதற்குத் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, அப்போதைய நிலவரம் கொஞ்சம் தெரிய வேண்டும். ஆண்டுக்கு ஐந்து லட்சம் பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்துகொண்டிருந்தார்கள். உலகம் முழுக்க ‘தாய் சேய் நலம்’ என்ற பெயரில் திட்டங்கள் இருந்தன. 1985இல் ஆலன் ரோசன்ஃபீல்டும் டெபோரா மெயினும் லான்செட் இதழில், தாய் சேய் நலத்தில் தாய் எங்கே என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தத் திட்டங்கள் பெரும்பாலும் சேய்க்கானவை. தாய் அந்தச் சேயைச் சுமக்கும் பாத்திரம். நம் வீடுகளிலும் கர்ப்பிணிக்குக் கிடைக்கும் கவனம் பிள்ளை பிறந்த நிமிஷத்தில் எங்கே போகிறது என்பதை அறிந்த பெண்களுக்கு இது வியப்பாக இருக்காது. 1987 பிப்ரவரியில் நைரோபியில் பாதுகாப்பான தாய்மைக்கான மாநாடு கூடியது. திருமதி எக்ஸின் கதை பரவியது அந்தச் சூழலில்தான்.

மருத்துவக் கல்லூரியில் இது பாடமாக இல்லையா என்றால், இருந்தது. சமூக மருத்துவம் என்று ஒரு துறையே உண்டு. தேர்வுக்கு வறுமை, சுகாதாரக்கேடு, அறியாமை என்று எழுதிவிட்டு, வார்டுக்குப் போனதும் மறந்துவிடக்கூடிய பாடம் அது. ஃபதல்லாவின் கதை வார்டிலிருந்தே ஆரம்பித்தது. மருத்துவர் தன் கையெழுத்தால் ‘இரத்தப்போக்கு’ என்று முடித்து வைத்த இடத்திலிருந்து, அந்தப் பெண் வந்த வழியே பின்னோக்கி நடக்க வைத்தது. எந்தெந்த இடத்தில் அவள் இந்தப் பாதையிலிருந்து வெளியேறியிருக்க முடியும் என்று கேட்டது. 1994இல் செரீன் தாடியஸும் டெபோரா மெயினும் இதை இன்னும் கறாராக மூன்று தாமதங்கள் என்று வகுத்தார்கள்: மருத்துவமனைக்குப் போவதென்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இன்று எந்தச் செவிலியர் பயிற்சியிலும் இந்த மூன்றும் வரும்.

ஆனால் அந்தக் கதையில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. திருமதி எக்ஸ் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. இறந்துவிட்டாள், எப்படிப் பேசுவாள் என்று கேட்கலாம். அவளுடைய அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுப் பெண், அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவச்சி ஒருவரும் பேசுவதில்லை. ‘ஏழை, படிக்காதவள், கிராமத்துக்காரி’ என்ற மூன்று சொல்லும் அவள் உயரம் எடை போல, அவளுடைய குணங்களாகப் பட்டியலில் வந்து உட்கார்கின்றன. போதாத சாப்பாடு என்கிறார் நிபுணர். அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. விரும்பாத கர்ப்பம் என்கிறார் சமூகவியலாளர். விரும்பியது யார் என்று அவரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கியவர்கள் நமக்குப் பக்கத்தில், செங்கல்பட்டு வட்டாரத்தில் இருந்தார்கள். திருமதி எக்ஸின் கதை எழுதப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1981இல், நிலமற்ற கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த தலித் பெண்களும் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து தொடங்கிய கிராமப் பெண்களுக்கான சமூகக் கல்வி அமைப்பு, ரூவ்செக். அது மருத்துவர்கள் தொடங்கியதல்ல. சுந்தரி பொருளாதாரம் படித்தவர். மற்றவர்கள் அந்தக் கிராமங்களிலேயே வாழ்ந்தவர்கள். தங்கள் உடம்பில் நடப்பதை ஊதியம், சாதி, கணவன், தண்ணீர்க் குடம் இவற்றோடு சேர்த்தே பேச வேண்டியிருந்தது, ஏனென்றால் அவர்களுக்கு அவை தனித்தனியாக நடக்கவில்லை. மருத்துவர்கள் பல ஆண்டுப் படிப்புக்குப் பிறகு பயிற்சி வகுப்பில் கற்க வேண்டியிருந்ததை இவர்கள் முதல் நாளிலிருந்தே அறிந்திருந்தார்கள்.

1992இல் சுந்தரி எழுதிய ஒரு ஆய்வுக் கட்டுரை முக்கியமானது. பல வளரும் நாடுகளில் தாய் இறப்புகள் பற்றி நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்து, சொல்லப்படாத ஒரு பாதியை அவர் எழுதினார். பெண்கள் மருத்துவமனைக்கு வராததால் மட்டும் சாகவில்லை, வந்த பிறகும் சாகிறார்கள். இரத்தம் இல்லை, மருத்துவர் இல்லை, இருந்தும் நேரத்தில் பார்க்கவில்லை. அதாவது, மருத்துவ அமைப்பும் ஒரு சமூகக் காரணம். இந்த ஒரு வாக்கியத்தை மருத்துவர்கள் ஏற்றுக்கொள்வது கடினம். வறுமையைப் பற்றி வகுப்பெடுத்தால் தலையாட்டுவார்கள், ஏனென்றால் வறுமை வேறு யாரோ செய்தது.

இதே சுந்தரி ரவீந்திரனின் உழைப்பில்தான் உலக சுகாதார நிறுவனம் 2001இல் சுகாதார அதிகாரிகளுக்கான ஒரு பயிற்சிக் கையேட்டைக் கொண்டுவந்தது. தென்னாப்பிரிக்காவில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் நலத் திட்டத்தில் முளைத்து, பிறகு பல நாடுகளுக்குப் போன பயிற்சி அது. இந்தியாவில் திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் அதை நடத்தியது. பாலினம், சமூகக் காரணிகள், உரிமைகள், ஆதாரங்கள், கொள்கை என்று பகுதி பகுதியாகச் செல்லும். மைக்கேல் மார்மட் தலைமையிலான உலகக் குழுவின் 2008ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகுதான் ‘சுகாதாரத்தின் சமூகக் காரணிகள்’ என்ற சொல் எல்லார் வாயிலும் புகுந்தது. பெண்களுக்கான இந்தப் பயிற்சிகளில் அது அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே ஒரு முழுப் பாடமாக இருந்தது. வரலாற்றில் இந்த முன்பின் அடிக்கடி மாற்றிச் சொல்லப்படுகிறது.

சில வாரப் பயிற்சிக்கு வரக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இந்தப் பாடத்தை நடத்திய வகுப்பறை வேறு, அதை யாரும் வகுப்பறை என்று அழைக்கவில்லை. அது தாய் இறப்புத் தணிக்கைக் கூட்டம்.

1990களின் நடுப்பகுதியிலிருந்து தமிழக சுகாதாரத் துறை ஒவ்வொரு தாய் இறப்பையும் பதிந்து விசாரிக்கத் தொடங்கியது. 2004 முதல் அது அரசாணையால் கட்டாயமாயிற்று. இறப்பு நடந்ததும் தகவல் போக வேண்டும். மருத்துவமனைக் காகிதங்களைப் பார்ப்பதோடு நிற்காமல் இறந்தவளின் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும்: வலி எப்போது எடுத்தது, யார் என்ன சொன்னார்கள், வண்டி எப்போது கிடைத்தது, எத்தனை மருத்துவமனைகள் ஏறி இறங்கினீர்கள். பிறகு மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கூட்டம். குடும்பத்தாரும் அழைக்கப்படுவார்கள். ஒரு மகப்பேறு நிபுணர், தான் கையெழுத்திட்ட ‘இரத்தப்போக்கு’க்கு முன்னால் என்னவெல்லாம் நடந்தது என்று ஒரு கூலிக்காரப் பெண்ணின் வாயால் கேட்க வேண்டியிருந்தது. இந்தியாவில் அதற்கு முன் அப்படி எத்தனை இடங்கள் இருந்தன?

பலன் இல்லாமல் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைக் கொண்டு 24 மணி நேரப் பிரசவம், அவசர சிகிச்சைக்கென்று தேர்ந்த மருத்துவமனைகள், இரத்த சேமிப்பு, 2008இல் வந்த 108 வண்டி என்று பலவும் சேர்ந்தன. 2004-06இல் தமிழகத்தில் லட்சம் பிறப்புகளுக்கு 111 தாய்மார்கள் இறந்தார்கள். இந்தியச் சராசரி 254. 2018-20இல் இங்கே 54, நாட்டில் 97. தணிக்கை மட்டுமே இதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே இரத்தம் இல்லை, எங்கே வண்டி இல்லை என்பது மேசைக்கு வந்த வழிகளில் அது ஒன்று.

மத்திய அரசு 2010இல் இதை நாடு முழுவதற்குமான நெறிமுறையாக்கியது. அதில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. குடும்பத்தார் முதலில் வந்து நடந்ததைச் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகே அதிகாரிகளும் மருத்துவர்களும் விரிவாகப் பேசுவார்கள். காரணம் புரியாமல் இல்லை: துக்கத்தில் இருப்பவர்கள் முன்னால் மருத்துவ விவரங்களை அலச முடியாது, மருத்துவர்களும் வெளிப்படையாகப் பேச மாட்டார்கள். ஆனாலும் ஒரு மாமியாரோ தகப்பனோ தன் பெண் எப்படிச் செத்தாள் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதில் கேட்காமல் பஸ் ஏறுகிறார். பாடம் அவரிடமிருந்து பெறப்படுகிறது, அவருக்குத் தரப்படுவதில்லை.

உள்ளே மிஞ்சுபவர்களில் கடைசிப் படியில் நிற்பவர் கிராம சுகாதார செவிலியர். ஐயாயிரம் பேருக்கு ஒருவர், எல்லாரும் பெண்கள். தணிக்கை தண்டிப்பதற்கல்ல என்று நெறிமுறை சொல்கிறது. ஆனால் ஆட்சியர் தலைமை வகிக்கும் அறையில் கேள்வி எந்தத் திசையில் உருளும் என்பது அரசு அலுவலகத்தில் வேலை செய்த யாருக்கும் தெரியும். ஏன் முன்பே கண்டுபிடிக்கவில்லை, ஏன் வீட்டுக்குப் போகவில்லை, ஏன் பதிவேட்டில் இல்லை? அவளுக்கு இரவில் வண்டி உண்டா, பெண்ணை அனுப்ப மறுத்த குடும்பத் தலைவரிடம் அவள் என்ன சாதிப் பெண்ணாக நின்று பேசினாள் என்பதும் சமூகக் காரணிகள்தானே. அவை எதுவும் படிவத்தில் இல்லை.

கேரளம் 2004இல் வேறு வழி எடுத்தது. இங்கிலாந்தில் 1952 முதல் நடந்துவரும் இரகசிய விசாரணையைப் பின்பற்றி, மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் பெயர்களை நீக்கிவிட்டு ஆவணங்களை ஆராய்ந்தது. பயம் குறைந்தது. ஆனால் பெரும்பாலும் மருத்துவமனைக் காகிதங்களிலிருந்து நடந்ததால் வீடு அங்கே குறைவாகவே வந்தது. ஒன்றில் வீடு வருகிறது, பயமும் வருகிறது. மற்றதில் பயமும் இல்லை, வீடும் இல்லை.

இரண்டுக்கும் வெளியே மூன்றாவது முயற்சி ஒன்று நடந்தது. காமன்ஹெல்த் என்ற கூட்டமைப்பும் மக்கள் நல்வாழ்வு இயக்கமும் சேர்ந்து 10 மாநிலங்களில் 124 தாய் இறப்புகளைக் கிராம அமைப்புகள் வழியாகவே பதிந்து, 2014இல் அறிக்கையாக வெளியிட்டன. தொகுத்தவர்களில் ஒருவர் சுப ஸ்ரீ, ரூவ்செக் மருத்துவமனையில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர். அறிக்கையின் தலைப்பு, இறந்த பெண்கள் பேசுவதாக அமைந்தது. திருமதி எக்ஸுக்கு இல்லாத வாயை அது கொடுக்கப் பார்த்தது.

தணிக்கைக்கே வராத சாவுகளும் உண்டு. கர்ப்பத்தின்போதோ அது முடிந்து 42 நாட்களுக்குள்ளோ நிகழும் இறப்புதான் தாய் இறப்பு. விபத்தும் தற்செயலான காரணங்களும் கணக்கில் வராது என்பது வரையறை. ஏழாம் மாதத்தில் தீக்காயத்தோடு வந்தவள், பிரசவமாகி இருபதாம் நாள் தூக்கில் தொங்கியவள் ‘தற்செயல்’ பக்கம் ஒதுக்கப்பட்டார்கள். இங்கிலாந்தின் 1997-99 அறிக்கை குடும்ப வன்முறைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. பிரசவத்துக்குப் பின் ஓராண்டுவரை கணக்கெடுத்தால் தற்கொலை எவ்வளவு பெரிய காரணம் என்றும் காட்டியது. கர்ப்பகாலத் தற்கொலையை நேரடித் தாய் இறப்பாக எண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2012இல்தான். மண்ணெண்ணெய் அடுப்பு ‘வெடித்த’ ஊர்களில் அதற்கு முந்தைய கணக்குகளை யாரும் திரும்பப் போய்த் திருத்தப் போவதில்லை.

இன்னொன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்தது. போதாத சாப்பாடும் கூலி இழப்பும் கர்ப்பிணியின் நோய்கள் என்று அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது, நல்ல திட்டம். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும் என்பது அதன் விதி. மூன்றாவதைப் பெறுவதா என்று முடிவு செய்யும் அதிகாரம் பெண்ணிடம்தான் இருக்கிறது என்று அந்த விதியை எழுதியவர்கள் நினைத்திருக்க வேண்டும். திருமதி எக்ஸ் தமிழ்நாட்டில் வாழ்ந்திருந்தால், விரும்பாத எட்டாவது கர்ப்பத்தோடும் இரத்தச்சோகையோடும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தால், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். நிதிக்கான விண்ணப்பத்தில் அவள் பெயரை எழுதியிருக்க மாட்டார்கள்.