ஒன்லைன் கடைத் தரவை டாஷ்போர்டோடு இணைத்தல்

இணையத்தில் நடக்கும் ஒரு கடையின் ஓடர், கொடுப்பனவு, கையிருப்பு, விநியோகம் ஆகிய விவரங்களைத் தானாக எடுத்து, வரைபடங்களும் எண்களுமாக ஒரே திரையில் காட்டும் மென்பொருளுக்குக் கொண்டு சேர்க்கும் வேலை இது. அந்தத் திரைக்குத்தான் டாஷ்போர்ட் என்று பெயர். கணக்குப்பிள்ளை மாத முடிவில் கூட்டிச் சொன்னதை முதலாளி ஒவ்வொரு காலையிலும் பார்த்துக்கொள்ள இது வழிசெய்கிறது.

இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் பொத்துவில் தொடங்கி அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஏ4 வீதியை ஒட்டி அடுத்தடுத்து ஊர்கள். மருதமுனையின் கைத்தறிச் சாரனும் சேலையும் நாடறிந்தவை. இப்படியான ஊரிலிருந்து துணி விற்கும் ஒருவருக்கு ஓடர் ஒரே வாசலால் வருவதில்லை. சொந்த இணையதளத்தில் சில, 2018இல் அலிபாபா வாங்கிய டராஸ் சந்தையில் சில, வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் மீதி. மூன்று இடத்துக் கணக்கையும் ஒரே பார்வையில் காண வேண்டும் என்பதே டாஷ்போர்டுக்கான முதல் காரணம்.

கடைப் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு தளங்கள். ஒன்று, 2006இல் கனடாவில் தொடங்கிய ஷொப்பிஃபை. மற்றது, வேர்ட்பிரஸ் தளத்தின் மேல் ஓடும் வூகொமர்ஸ். இது 2011இல் வந்தது. அறிக்கைப் பக்கத்தில் மைக்ரோசொஃப்டின் பவர் பிஐ, கூகுளின் லுக்கர் ஸ்டூடியோ, சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஸோஹோவின் அனலிடிக்ஸ் ஆகியவை பரவலாக உள்ளன. லுக்கர் ஸ்டூடியோவின் பழைய பெயர் டேட்டா ஸ்டூடியோ. 2022 ஒக்டோபரில் பெயர் மாறியது.

கடைத் தளத்தையும் டாஷ்போர்டையும் இணைக்க மூன்று வழிகள் உண்டு. ஓடர்களை சிஎஸ்வி ஃபைலாக இறக்கிக் கையால் ஏற்றுவது முதலாவது. கடைத் தளத்தின் ஏபிஐ வாசலால் மென்பொருளே நேராகத் தரவைக் கேட்டு வாங்குவது இரண்டாவது. இடையில் ஒரு கூகுள் ஷீட்டையோ தரவுத்தளத்தையோ வைத்து, எல்லாவற்றையும் அங்கே சேர்த்து, டாஷ்போர்ட் அதை மட்டும் வாசிப்பது மூன்றாவது. வட்ஸ்அப் ஓடர்களைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டிய கடைக்கு மூன்றாவதே பொருந்தும். மற்ற இரண்டும் அந்த ஓடர்களைக் காணாமலே விட்டுவிடும்.

ஏபிஐ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தராது. வூகொமர்ஸ் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 ஓடர்களே கொடுக்கும். 2,400 ஓடர் உள்ள கடைக்கு 24 தடவை கேட்க வேண்டும். ஷொப்பிஃபை, தனி அனுமதி பெறாத செயலிக்கு கடைசி 60 நாள் ஓடர்களை மட்டுமே திறந்துவிடும். ஆகவே முதல் நாளே பழையதை முழுதாக எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பின் மாறிய ஓடர்களை மட்டும் கேட்பது வழக்கம். புதிதாக வந்தவற்றை மட்டும் கேட்டால் போதாது. பழைய ஓடரும் நிலை மாறும். இந்தக் கரையோரத்தில் அது நிறையவே மாறும்.

காரணம், வாசலில் காசு வாங்கும் முறை. வாடிக்கையாளர் பார்சலைக் கையில் வாங்கும்போதுதான் கூரியர்காரரிடம் பணம் கொடுப்பார். ஆனால் வூகொமர்ஸ் அப்படியான ஓடரைப் பதிவான உடனேயே ‘செயலாக்கத்தில்’ என்ற நிலையில் வைத்து, விற்பனைக் கணக்கிலும் சேர்த்துவிடும். ஆள் வீட்டில் இல்லாமலோ மனம் மாறியோ பார்சல் திரும்பி வந்து, கடையில் யாரும் நிலையை மாற்றாமல் விட்டால், வராத பணம் வந்ததாகவே டாஷ்போர்ட் காட்டிக்கொண்டிருக்கும். ஓடரான தொகை, கைக்கு வந்த தொகை, திரும்பிய தொகை என்று மூன்றையும் தனித்தனியே காட்டாத டாஷ்போர்டை நம்பிச் சரக்கு எடுப்பது ஆபத்து.

அடுத்தது நேரம். வேர்ட்பிரஸ் தளத்தை நிறுவும்போது நேர வலயத்தை மாற்றாவிட்டால் அது கிரீன்விச் நேரத்தில் ஓடும். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. புதன் அதிகாலை 1.30க்கு வந்த ஓடர் செவ்வாய் இரவு 8 மணி என்று பதிவாகும். மற்ற மாதங்களில் இது பெரிதாகத் தெரியாது. நோன்பு மாதத்தில் ஊரின் இரவு நீளுகிறது: தராவீஹ் தொழுகை முடிந்து சஹர் உணவு வரைக்கும் விழித்திருப்பவர்கள் பலர், பெருநாள் உடுப்புக்கு போனில் தேடுவதும் அந்த நேரத்தில்தான். அப்போது நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரையான ஓடரெல்லாம் முந்தைய நாளில் போய் விழும். அன்றாடக் கணக்கு கூரியர் பட்டியலோடு ஒத்துப்போகாமல் கடைக்காரர் திண்டாடுவார்.

பெருநாளே நாட்காட்டியில் நகர்கிறது. இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவானது. நோன்புப் பெருநாள் 2023இல் ஏப்ரல் பிற்பகுதியில் வந்தது, 2025இல் மார்ச் இறுதியில். இந்த மென்பொருட்கள் ஆயத்தமாகத் தரும் ‘சென்ற ஆண்டின் இதே மாதம்’ என்ற ஒப்பீடு இங்கே பொய் சொல்லும்: பெருநாள் விற்பனை ஒரு மாதத்திலிருந்து இன்னொரு மாதத்துக்கு இடம்பெயர்ந்ததை வளர்ச்சியென்றும் வீழ்ச்சியென்றும் காட்டும். திகதிகளுக்குப் பக்கத்தில் ஹிஜ்ரி மாதத்தையும், பெருநாளுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதையும் கொண்ட ஓர் அட்டவணையைச் சேர்த்துவிட்டால், நோன்பின் கடைசிப் பத்து நாளைச் சென்ற ஆண்டின் கடைசிப் பத்து நாளோடு ஒப்பிடலாம். ஒரு தடவை செய்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் உதவும் வேலை இது.

ஊர்ப் பெயர் இன்னொரு சிக்கல். வாடிக்கையாளர்கள் முகவரியைத் தமிழிலும் எழுதுவார்கள், ஆங்கிலத்திலும் எழுதுவார்கள். சாய்ந்தமருதுக்கும் மருதமுனைக்கும் ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்கள் உள்ளன. டாஷ்போர்டோ ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஊராக எண்ணும். அதிகம் வாங்கும் ஊர் நான்கு வரியாகச் சிதறிப் பட்டியலின் அடியில் கிடக்கும். இதற்குத் தபால் குறியீடு கைகொடுக்கிறது. கல்முனை 32300, அக்கரைப்பற்று 32400, ஒலுவில் 32360. ஓடர்ப் படிவத்தில் ஊரைத் தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலிலிருந்து தெரிவுசெய்ய வைப்பது அதைவிட நல்லது.

வளைகுடாவில் இருக்கும் உறவினர் டொலரில் பணம் கட்டி ஊரிலுள்ள வீட்டுக்குப் பொருள் அனுப்புவதும் உண்டு. அந்தத் தொகையை ஓடர் நாளின் மாற்று வீதத்தில் ரூபாவாக்கிச் சேமிக்க வேண்டும். 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. எல்லா ஆண்டுக்கும் இன்றைய வீதத்தையே போட்டால், வீதம் குறைவாக இருந்த காலத்துப் பழைய விற்பனை ஊதிப்போகும்.

தனியுரிமையும் இந்த வேலையின் பகுதி. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அறிக்கைக்கு வாடிக்கையாளரின் பெயரோ தொலைபேசி எண்ணோ தேவையில்லை. தபால் குறியீடும் ஓடர் இலக்கமும் போதும். ஒருவரை ஒருவர் அறிந்த ஊர்களில், எந்த வீட்டுக்கு என்ன உடுப்புப் போனது என்பது டாஷ்போர்டைப் பார்க்கும் எல்லோருக்கும் தெரியக் கூடாது. வூகொமர்ஸில் ஏபிஐ சாவியை உருவாக்கும்போது வாசிக்க மட்டும் அனுமதி கொடுக்கும் தெரிவு உண்டு, டாஷ்போர்டுக்கு அது போதும். இணைப்பை அமைத்துக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போகும் அன்றைக்கே பழைய சாவியை நீக்கிப் புதியதை உருவாக்க வேண்டும்.